ஆபா எண்ணும் ஓ.டி.பி.யும்: மருத்துவத் தரவில் சம்மதம் யாருடையது, பொறுப்பு யாருடையது?

மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்திலும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் "ஆபா எண் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். ஆபா என்பது ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். எண் வைத்திருப்பவர்களிலேயே பலருக்கு அது எதற்கென்று தெரியாது. இல்லாதவர்களுக்கோ, கொடுக்காவிட்டால் வைத்தியம் கிடைக்காமல் போகுமோ என்ற பயம். இன்னொரு பக்கம், வீடியோவில் பார்த்து மருந்து எழுதும் மருத்துவர்கள், நோயைக் கணிக்கும் செயலிகள், கையில் கட்டிய கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு. இவை எல்லாவற்றிலும் நம் உடலைப் பற்றிய தகவல் யாரோ ஒருவருடைய கணினிக்குப் போகிறது. அது எப்படிப் போகிறது, எந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது, தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஆபா: எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பு

தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கம் என்ற பெயரில் 2020 ஆகஸ்ட் 15 அன்று புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் இது சோதனையாகத் தொடங்கியது. 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடு முழுதும் விரிந்தது. நடத்துவது தேசிய சுகாதார ஆணையம். இதன் உறுப்புகள் ஐந்து:

1. ஆபா எண்: 14 இலக்கம். நீங்கள் யார் என்பதை மட்டும் குறிக்கும்.
2. ஆபா முகவரி: மின்னஞ்சல் முகவரி போல "@" குறியுடன் இருக்கும். பதிவுகள் இணைக்கப்படுவது இதனோடுதான்.
3. தகவல் தருபவர்: உங்கள் பதிவை வைத்திருக்கும் மருத்துவமனை, பரிசோதனைக்கூடம்.
4. தகவல் பெறுபவர்: அந்தப் பதிவைப் பார்க்கக் கேட்கும் இன்னொரு மருத்துவர், மருத்துவமனை, செயலி, காப்பீட்டு நிறுவனம்.
5. சம்மத மேலாளர்: இருவருக்கும் நடுவில் நின்று, உங்கள் அனுமதி இருக்கிறதா என்று சரிபார்க்கும் மென்பொருள்.

எல்லாருடைய பதிவுகளும் டெல்லியில் ஒரே கணினியில் குவிகின்றன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வடிவமைப்பு அப்படி இல்லை. மதுரையில் எடுத்த ஸ்கேன் அறிக்கை மதுரை மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கும். "இவருக்கு இங்கே ஒரு பதிவு உண்டு" என்ற குறிப்பு மட்டும் சம்மத மேலாளரிடம் பதியும். சென்னையில் ஒரு மருத்துவர் அதைப் பார்க்க விரும்பினால் உங்கள் செயலிக்கு வேண்டுகோள் வரும். அதில் என்ன நோக்கம், எந்த வகைப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் பார்க்கலாம் ஆகியவை இருக்க வேண்டும். நீங்கள் அனுமதித்தபின், பதிவு மறைகுறியாக்கப்பட்டு, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாத வடிவில், மதுரையிலிருந்து நேராகச் சென்னைக்குப் போகும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று, ஓ.பி. வரிசையில் கியூ.ஆர். குறியைப் படம் பிடித்து டோக்கன் வாங்கும் முறை. அங்கே போவது பெயர், வயது, பாலினம், முகவரி, ஆபா விவரம் மட்டுமே. பழைய மருத்துவப் பதிவு எதுவும் அதில் போகாது. இரண்டும் தனித்தனிச் சம்மதங்கள்.

ஆபா கட்டாயம் கிடையாது. எண் இல்லை என்ற காரணத்தால் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது 2020 டிசம்பரில் வந்த சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கையின் நிலை. காகிதத்தில் இது தெளிவு. ஆனால் டோக்கன் வரிசை வேகமாக நகர்கிறது, சாதாரண வரிசை நகரவில்லை என்றால், காய்ச்சலோடு நிற்கிறவருக்கு அது விருப்பத் தேர்வாக இருக்காது. வேகத்தைக் காட்டி வாங்கும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

சம்மதம் எங்கே பிசகுகிறது

மருத்துவத்தில் சம்மதம் பற்றிய அடிப்படைத் தீர்ப்பு டிஜிட்டல் காலத்துக்கு முந்தையது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பார்த்த வழக்கு அது. வயிற்றில் சிறு துளையிட்டுப் பார்த்து நோயைக் கண்டறியும் லேப்பராஸ்கோப்பிக்கு மட்டும் ஒரு பெண் சம்மதம் தந்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். நீதிமன்றம் சொன்னது இரண்டு. ஒன்று, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைச் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. மற்றொன்று, வயது வந்த, தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக, உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில் தாய் தரும் சம்மதம் செல்லாது. எதற்குச் சம்மதம், யாருடைய சம்மதம் என்ற இந்த இரு கேள்விகளை வைத்துப் பார்த்தால் டிஜிட்டல் முறையின் ஓட்டைகள் தெரியும்.

1. கேட்காமலே உருவான எண்கள். 2021-ல் அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் வழியாக, ஆதாரைக் காட்டித் தடுப்பூசி போட்டுக்கொண்ட பலருடைய சான்றிதழில் ஒரு சுகாதார அடையாள எண் அச்சாகி வந்தது. தடுப்பூசிக்காகக் கொடுத்த ஆதார், இன்னொரு நோக்கத்துக்குப் பயன்பட்டது. 2008 தீர்ப்பின் முதல் கேள்வியிலேயே இது தோற்கிறது.

2. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் சுமார் 54 சதவீதம். மற்றவர்களுக்கு ஓ.டி.பி. போவது கணவரின் எண்ணுக்கோ மகனின் எண்ணுக்கோ. ஒரே கைப்பேசி எண்ணில் பலருடைய ஆபாவைப் பதியவும் முடியும். கருக்கலைப்பு, பால்வினை நோய், மனநலச் சிகிச்சை ஆகியவற்றில் மனைவியின் பதிவைப் பார்க்கவோ பகிரவோ அனுமதி தருவது கணவரின் கட்டைவிரல். கணினியைப் பொறுத்தவரை ஓ.டி.பி. சரியாக வந்துவிட்டது, சம்மதம் கிடைத்துவிட்டது. சட்டத்தைப் பொறுத்தவரை அது சம்மதமே இல்லை. இந்த அமைப்பின் மிகப் பெரிய நெறிமுறைக் குறை இதுதான் என்பேன். மறைகுறியாக்கத்தை எவ்வளவு பலப்படுத்தினாலும் இது தீராது.

3. மருந்துச் சீட்டே நோயைச் சொல்லிவிடும். நோயறிக்கையை மறைத்துவிட்டு மருந்துச் சீட்டை மட்டும் பகிரலாம் என்று செயலி வாய்ப்புத் தரும். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரு சீட்டில் இருந்தால் எச்.ஐ.வி. சிகிச்சை என்று எந்த மருந்தாளுநருக்கும் தெரியும். லித்தியம் இருந்தால் மனநலச் சிகிச்சை. எச்.ஐ.வி. நிலையைச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ன் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 8-வது பிரிவு தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 23-வது பிரிவு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. பதிவுகளை வகை பிரித்துப் பகிரும் மென்பொருளில் இந்த இரு சட்டங்களுக்கும் தனி இடம் ஒதுக்க வேண்டும். "மருந்துச் சீட்டுகள்" என்ற ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

4. திரும்பப் பெறுதலின் எல்லை. அனுமதியை ரத்து செய்தால் அதற்குப் பிறகு போகவிருப்பது நிற்கும். ஏற்கெனவே போனது மறுபக்கத் திரையில் தெரிந்துவிட்டது. அதைப் படம் எடுத்து வைத்தால் தடுக்கத் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. மேலும், 2002-ன் மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகள்படி உள்நோயாளிகளின் பதிவை மருத்துவர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் வைத்திருக்கச் சொல்லும் பதிவை "அழித்துவிடுங்கள்" என்று கேட்க முடியாது.

தரவுச் சட்டம்: என்ன கிடைத்தது, என்ன போனது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, மருத்துவத் தரவுக்கென்று தனிச் சட்டம் ஒன்றின் வரைவை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது; சுருக்கமாக "திஷா" என்பார்கள். அது சட்டமாகவில்லை. இன்று நம்மிடம் இருப்பது எல்லாத் துறைக்கும் பொதுவான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. மருத்துவமனைகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்பது அட்டவணை.

சட்டத்தின் 6-வது பிரிவு, சம்மதம் சுதந்திரமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் விவரம் அறிந்தும் நிபந்தனையின்றியும் ஐயத்துக்கு இடமின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. அங்கே சட்டமே தரும் உதாரணம் ஒரு தொலைமருத்துவச் செயலி. மருத்துவ ஆலோசனைக்காகத் தகவல் கேட்கும் செயலி, கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் "சரி" என்கிறார். ஆலோசனைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. ஆகவே சம்மதம் ஆலோசனைக்கு மட்டுமே செல்லும், மற்றது செல்லாது. அதாவது "நீங்கள்தான் பொத்தானை அழுத்தினீர்கள்" என்று நிறுவனம் தப்பிக்க முடியாது. நல்ல ஏற்பாடு.

சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆங்கிலப் படிவத்தை மட்டும் நீட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இந்தக் கடமை நடைமுறைக்கு வந்தபின் சட்ட மீறல் ஆகும்.

உயிருக்கு ஆபத்தான அவசரத்திலும் தொற்றுநோய்க் காலச் சிகிச்சையிலும் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்த 7-வது பிரிவு இடம் தருகிறது. மயங்கிக் கிடப்பவரின் ஒவ்வாமை விவரத்தைப் பார்க்க மருத்துவர் ஓ.டி.பி.க்காகக் காத்திருக்க முடியாது என்பதால் இது நியாயமே.

போனவை என்னவென்றால்:

1. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகளில் மருத்துவப் பதிவு, உடல்நிலை, மனநிலை ஆகியவை "உணர்திறன் மிக்க தரவு" என்று தனியாக வகைப்படுத்தப்பட்டிருந்தன. புதிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. உங்கள் எச்.ஐ.வி. அறிக்கையும் பல்பொருள் அங்காடி உறுப்பினர் அட்டையும் ஒரே தட்டில்.

2. அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவில், அலட்சியத்தால் தரவு கசிந்து இழப்பு ஏற்பட்டால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இருந்தது. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அது நீங்குகிறது. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அந்தப் பணம் முழுதும் இந்தியத் தொகுப்பு நிதிக்கு. யாருடைய அறிக்கை கசிந்ததோ அவருக்கு ஒரு ரூபாய்கூட இந்தச் சட்டத்தின்கீழ் வராது.

3. பெயர் நீக்கப்பட்ட தரவு பற்றிச் சட்டம் வரையறை தரவில்லை. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதத்தினரைத் தனியாக அடையாளம் காணலாம் என்று அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000-ல் கணக்கிட்டார். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டோடு ஓர் அரிய நோயின் பெயரும் சேர்ந்தால், சிற்றூரில் ஆளைக் கண்டுபிடிக்கக் கணினியே தேவையில்லை.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட சம்மதம் வேண்டும். குழந்தையின் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு மருத்துவமனைக்கும் மருத்துவருக்கும் விதிகளில் விலக்கு உண்டு. தனியாக இயங்கும் மனநலச் செயலிக்கு அதே விலக்கு கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொலைமருத்துவம்: எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம், நேரில் பார்க்காமல் தொலைபேசியில் மருந்து சொல்லி நோயாளி இறந்த ஒரு வழக்கில் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதன்பின் தொலைபேசி ஆலோசனையே குற்றமோ என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் அந்தத் தயக்கத்தைத் தீர்த்தன. மருந்துகள் நான்கு பட்டியலாகப் பிரிக்கப்பட்டன:

1. ஓ பட்டியல்: பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் போல மருந்துச் சீட்டின்றியும் கிடைப்பவை. எந்த வகை ஆலோசனையிலும் எழுதலாம்.
2. ஏ பட்டியல்: முதல் ஆலோசனையிலேயே எழுதலாம், ஆனால் அது வீடியோவாக இருக்க வேண்டும். பழைய சீட்டைத் தொடர்வதும் இதில் அடங்கும்.
3. பி பட்டியல்: முன்பே நேரில் பார்த்த அதே நோய்க்கு, கூடுதலாகச் சேர்க்கும் மருந்து. தொடர் ஆலோசனையில் மட்டும்.
4. தடை செய்யப்பட்டவை: மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ள மருந்துகளும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவையும்.

நோயாளியே அழைத்தால் சம்மதம் உண்டென்று கொள்ளப்படும். செவிலியரோ உறவினரோ அழைத்தால் நோயாளியின் வெளிப்படையான சம்மதத்தைப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவர் தம் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். நோயாளி பெயரின்றி ஆலோசனை பெற முடியாது. இந்தியாவுக்கு வெளியே இருப்பவருக்கு ஆலோசனை வழங்குவதை இந்த வழிகாட்டுதல் பாதுகாக்காது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் உறவினருக்கு ஊரிலிருந்து மருந்து எழுதும் மருத்துவர் இதைக் கவனிக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு நேரடியாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, மருத்துவருக்குத் துணைசெய்யலாம் என்பதும் இதில் இருக்கிறது.

கணினி தவறாகச் சொன்னால்

செயற்கை நுண்ணறிவின் துல்லியம் ஆய்வகத்தில் ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறு. நீரிழிவால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் மென்பொருள் பற்றிய ஆய்வு 2016-ல் வெளியானது. 1,28,175 படங்களால் அதைப் பயிற்றுவித்தார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் ஆய்வில் இருந்தன. முடிவுகள் கண் மருத்துவர்களுக்கு இணையாக இருந்தன. பின்னர் தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களை வைத்து நடந்த கள ஆய்வு 2020-ல் வெளியானது. செவிலியர்கள் எடுத்த படங்களில் 21 சதவீதத்தை மென்பொருள், தரம் போதாது என்று மதிப்பிடாமலே திருப்பியது. வெளிச்சம் சரியாக இல்லாத அறை, மெதுவான இணையம். கண்ணில் ஒன்றுமில்லாதவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வேறோர் ஊருக்கு மேல்பரிசோதனைக்குப் போகும் நிலை வந்தது. தவறு கணக்கீட்டில் இல்லை. கருவி போய்ச் சேர்ந்த அறையை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

தோலின் நிறமும் முடிவை மாற்றும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோதே, ரத்தத்தில் ஆக்சிஜனின் உண்மையான அளவு 88 சதவீதத்துக்குக் கீழ் இருந்த நிலை கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவீடுகளிலும் வெள்ளையரிடம் 3.6 சதவீதத்திலும் காணப்பட்டது. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு இது. நம் ஊரில் விற்கும் கருவி எந்த நிறத்தோலில் சோதிக்கப்பட்டது என்று கேட்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

பொறுப்பு மூன்று இடத்தில் பிரிகிறது. மருத்துவர்: ஒரு சராசரித் திறனுள்ள மருத்துவர் என்ன செய்திருப்பார் என்பதே 2005-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அளவுகோல், "கணினி சொன்னது" என்பது தானாக விடுவிக்காது. மருத்துவமனை: சேவைக் குறைபாட்டுக்கு 1995-லிருந்தே நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. தயாரிப்பாளர்: நோயறியப் பயன்படும் மென்பொருள் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவியாகக் கருதப்படுகிறது; ஏ, பி, சி, டி என்ற ஆபத்து வகைகளில் உரிமம் பெற வேண்டும். குறையுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் 2019 நுகர்வோர் சட்ட அத்தியாயம் மென்பொருளுக்கும் பொருந்துமா என்பது இன்னும் வாதத்துக்குரியது. 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நெறிமுறைகளை வெளியிட்டது. அவை வழிகாட்டுதல்களே.

வழக்கு என்று வந்தால் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்று சிறு விவரங்கள்: அன்று ஓடியது மென்பொருளின் எந்தப் பதிப்பு, அது திரையில் காட்டியது என்ன, மருத்துவர் அதை ஏற்றாரா மாற்றினாரா. இந்த மூன்றையும் நோயாளியின் பதிவிலேயே சேமிக்காத மருத்துவமனையால் தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது, நோயாளியால் நிரூபிக்கவும் முடியாது.

காப்பீடு

பழைய நோயை மறைத்தார் என்று காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுப்பதற்குப் பழைய பதிவுகளே ஆதாரம். 2024 விதிகளின்படி 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி தவிர்த்த வேறு காரணத்தால் மறுக்க முடியாது. அதற்கு முன் காப்பீட்டு நிறுவனம் பதிவுகளைக் கேட்டால், எந்தக் கோரிக்கைக்கு, எந்தத் தேதிகளுக்குள் என்று பாருங்கள். கால் எலும்பு முறிவுக்குப் பத்து ஆண்டுப் பதிவு தேவையில்லை.

சிறு மருத்துவமனையும் பரிசோதனைக்கூடமும் கவனிக்க வேண்டியவை

1. அறிக்கை இணைப்பு: குறுஞ்செய்தியில் போகும் இணைப்பின் கடைசி எண்ணை மாற்றினால் அடுத்தவர் அறிக்கை திறக்கிறதா என்று நீங்களே சோதியுங்கள். வரிசை எண்ணை இணைப்பில் வைப்பதும் உள்நுழைவு கேட்காததும் இதற்குக் காரணம். ஊகிக்க முடியாத நீண்ட குறியீடும் காலாவதியும் வேண்டும்.
2. கடவுச்சொல்: பிறந்த ஆண்டையோ கைப்பேசி எண்ணையோ வைத்தால் வீட்டார் அனைவருக்கும் தெரிந்த பூட்டு அது.
3. பணியாளர் வாட்ஸ்அப் குழுவில் அறிக்கைப் படங்கள்: வேலையை விட்டுப் போனவர் கைப்பேசியில் அவை தங்கிவிடும்.
4. மென்பொருள் விற்பனையாளர்: அவர் தவறினாலும் சட்டப்படி பொறுப்பு மருத்துவமனையுடையது. ஒப்பந்தத்தில் தரவு எங்கே இருக்கும், முடிந்தபின் எப்படி அழியும் என்று எழுதுங்கள்.
5. காப்புப் பிரதி: 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் இணையத் தாக்குதலால் ஐந்து சர்வர்களும் சுமார் 1.3 டெராபைட் தரவும் முடக்கப்பட்டன, ஓ.பி. பதிவு கையால் எழுதும் முறைக்கு மாறியது. வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட ஒரு பிரதியும், அதிலிருந்து மீட்டுப் பார்த்த அனுபவமும் தேவை.
6. தாக்குதல் நடந்தால்: கணினி அவசரக் குழுவான சர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்தில் தகவல். தரவுச் சட்டக் கடமைகள் வந்தபின் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி, தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம். யார் எப்போது எந்தப் பதிவைத் திறந்தார் என்ற குறிப்பை ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

நோயாளி செய்யக்கூடியவை

ஆபாவில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பதியுங்கள். செயலியில் சம்மதப் பட்டியலைத் திறந்து, காலாவதி ஆகாத அனுமதிகளை நீக்குங்கள். உங்கள் பதிவின் நகலை எழுத்தில் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 ஒழுங்குவிதி.

கசிவு நடந்தால் முதலில் மருத்துவமனையின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அந்தப் படியைத் தாண்டாமல் தரவுப் பாதுகாப்பு வாரியம் புகாரை எடுக்காது. வாரியத்தின் முடிவுக்கு மேல் முறையீடு தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்தில். இழப்பீடு வேண்டுமென்றால் அதற்குத் தனியாக, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். அங்கே இழப்பை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. ஆகவே கசிந்த இணைப்பின் படம், தேதி, உங்களுக்கு வந்த அழைப்புகள், அதனால் போன வேலை அல்லது செலவு ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள்.